1964 ஜனவரி 16: ஒரு பிறந்தநாள் பற்றிய ஐயம்

உடலைப் படமெடுத்துப் பார்த்தபடி குழாய் செலுத்திச் சிகிச்சை தரும் இடையீட்டுக் கதிரியல் 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கொள்கை. ஜோசஃப் ரோஷ் தம் சகாக்களுடன் 2003இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையும் இதையே முன்வைக்கிறது. காலில் அழுகல் கண்டும் அதை வெட்டியெடுக்க இசையாத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனி ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. கதிரியலர் சார்லஸ் டாட்டர் அன்று தோலில் இட்ட துளை வழியே வழிகாட்டிக் கம்பியைச் செலுத்தி, அதன்மேல் டெஃப்லான் குழாய்களை ஏற்றி அந்தச் சுருக்கத்தை விரித்தார். கால் பிழைத்தது. நிகழ்வை யாரும் மறுக்கவில்லை. அதிலிருந்து ஒரு துறையின் வயதை எண்ணுவதே என் ஐயத்துக்குரியது. ரோஷ் 1967இல் பிராகிலிருந்து போர்ட்லண்டுக்குச் சென்று டாட்டருடன் உழைத்தவர். அவர் சாட்சியம் கனமானது. தம் மூத்தவரின் சாதனை வழியாகவே துறையைப் பார்க்கும் சாய்வும் அதில் உண்டு.

நுட்பமே அளவுகோல் என்றால், ஊசி, கம்பி, குழாய் என்ற வரிசையைக் கதிரியலர் செல்டிங்கர் ஸ்டாக்ஹோமில் 1953இலேயே வெளியிட்டுவிட்டார். அடைப்பு திறந்ததே அளவுகோல் என்றால், 1963இல் வயிற்றுப் பெருந்தமனியைப் படமெடுக்கக் குழாய் செலுத்தியபோது, அடைபட்ட இடுப்புத் தமனி ஒன்றை டாட்டர் தற்செயலாகத் திறந்திருந்தார். அது தற்செயல், 1964இல் நடந்ததே திட்டமிட்ட சிகிச்சை என்று ரோஷின் தரப்பில் மறுக்கலாம். ஆனால் குழாய் அறுவைக் கருவியாகவும் ஆகும் என்று டாட்டர் 1963 ஜூனிலேயே கார்லோவி வாரி மாநாட்டில் அறிவித்துவிட்டார். நோக்கமும் ஜனவரிக்கு முந்தியதே.

என் அளவுகோல் நுட்பமோ நோக்கமோ அல்ல, சிகிச்சையை முடிவெடுக்கும் உரிமை. அந்த வாதம் ஒரு துண்டுச் சீட்டைச் சார்ந்தது. டாட்டரின் துறைக்கு அறுவை மருத்துவர் ஒருவர் அனுப்பிய எக்ஸ்ரே கோரிக்கைச் சீட்டு அது. தமனியைப் படமெடுத்துக் காட்டினால் போதும், சரிசெய்ய முயல வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறது. துறையின் வரலாறுகள் இதை நகைச்சுவையாகவே கடந்துபோகின்றன. சரிசெய்யக்கூடியவர் என்று பெயரெடுக்காதவரிடம் அப்படி யாரும் எழுதமாட்டார். ஆகவே சீட்டு பெரும்பாலும் 1964க்குப் பிந்தியது. அதற்குமேல் ஆண்டை நெருக்கிப் பிடிக்க நான் முயலவில்லை. கை தேர்ந்த பிறகும் முடிவெடுக்கும் உரிமை கதிரியலருக்கு வரவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஜனவரி 16ஐயும் இதன் ஒளியில் படிக்க வேண்டும். அந்த நோயாளி அறுவை மருத்துவர்கள் வழியாகவே டாட்டரிடம் வந்தார். கத்திக்கு வழியில்லாத இடத்தில்தான் குழாய்க்கு இடம் கிடைத்தது.

ஒரேயொரு சீட்டு ஒரு மருத்துவரின் எரிச்சலைத்தானே காட்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பின்னர் நடந்தவையும் அதே திசையையே காட்டுகின்றன. அமெரிக்காவில் தயக்கத்தோடு பார்க்கப்பட்ட டாட்டரின் முறை, ஜெர்மனியில் ஸைட்லர் போன்றோர் கையில் வளர்ந்தது. மருத்துவர் க்ரூன்ட்ஸிக் 1974இல் பலூன் குழாயைக் கொண்டுவந்தார். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் அதை இதயத் தமனிக்குள் செலுத்தினார். அதன்பின் இதயத் தமனிச் சிகிச்சை பெரும்பாலும் இதய மருத்துவர்களிடமே போய்ச் சேர்ந்தது. நோயாளி யாருடைய பொறுப்பில் இருந்தாரோ, நுட்பமும் அங்கேயே போயிற்று. நுட்பத்தின் பிறப்பைத் துறையின் பிறப்பாகக் கொள்வோர் இதற்கு விளக்கம் தர வேண்டும்.

அப்படியானால் தொடக்கம் எது? துறைக்குப் பெயரிட்டுக் கதிரியலர் மார்குலிஸ் 1967இல் எழுதிய தலையங்கம் வலுவான போட்டியாளர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பைக் கதிரியலர் ஏற்க வேண்டும் என்றது அது. என் சாய்வோ 1972 பக்கம். அவ்வாண்டில் ரோஷும் டாட்டரும் மற்றொரு சகாவும், இரைப்பைக் குருதிப்போக்கை நோயாளியின் சொந்த இரத்தக் கட்டியால் தமனிக்குள்ளேயே அடைத்த முறையை வெளியிட்டனர். கசியும் இடம் ஆஞ்சியோகிராம் திரையில்தான் தெரிகிறது. அடைப்பதா, அறுவைக்கு அனுப்புவதா என்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரே அங்கேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இது சூழலிலிருந்து நான் ஊகிப்பதே. 1967ஐத் தள்ளிவிட இது மட்டும் போதாது. ஆயினும் டாட்டருக்கு ரோஷ் விட்டுக்கொடுத்த இடத்தில் ஒரு பகுதி ரோஷுக்கே உரியது என்று கருத இடமிருக்கிறது.