முடுக்கிக்கு இடம் தந்த ஊர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிகாகோ நகருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் பெர்மி தேசிய முடுக்கி ஆய்வகம் இருக்கிறது. அணுவின் உள்ளே நுழைந்து பார்க்கும் பெரிய ஆய்வகங்களுள் அது ஒன்று. அதன் முகவரியில் பட்டேவியா என்ற அண்டை ஊரின் பெயர் காணப்படும். ஆனால், ஆய்வகம் அமைந்துள்ள நிலத்தில் 1966 வரை வெஸ்டன் என்று வேறோர் ஊர் இருந்தது. அந்த ஊர் எங்கே போயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் ஓர் இயற்பியல் கேள்விக்கு விடை காண வேண்டும். கண்ணுக்கே தெரியாத துகளை ஆராய இவ்வளவு நிலம் எதற்கு?

கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். வேகம் கூடக் கூடக் கையில் இழுப்பும் கூடும். அந்த இழுப்பைக் கயிறு தாங்காவிட்டால் கல் நேர்க்கோட்டில் பறந்துவிடும். வட்ட முடுக்கியில் கல்லுக்குப் பதில் புரோட்டான். கயிற்றுக்குப் பதில் காந்தப்புலம். செக்கைச் சுற்றிவரும் மாட்டைப் போலப் புரோட்டான் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மின்புலம் அதற்குச் சிறிது ஆற்றலைக் கொடுக்கிறது. உந்தம் பெருகப் பெருக அதை வளைப்பது கடினமாகிறது. அன்று பயன்பட்ட இரும்பு மின்காந்தங்களின் புலத்தை ஓர் அளவுக்கு மேல் உயர்த்த இயலாது. ஆகவே எஞ்சிய வழி ஒன்றுதான்: வட்டத்தைப் பெரிதாக்குவது.

1960களில் அமெரிக்க அறிஞர்கள் விரும்பியது 20,000 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். அதற்காக அமைந்த வட்டத்தின் ஆரம் 1 கிலோமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 6.3 கிலோமீட்டர். வட்டத்திலிருந்து கற்றைகளை வெளியே எடுத்துச் செல்லும் பாதைகளுக்கும், சோதனைக் கூடங்களுக்கும், எதிர்கால விரிவாக்கத்திற்கும் இடம் வேண்டும். மொத்தம் 6,800 ஏக்கர்!

இத்தகைய ஆய்வகம் வந்தால் வேலையும் வணிகமும் பெருகும் என்று நாட்டின் பல பகுதிகளும் போட்டியிட்டன. சிகாகோவைச் சுற்றி இரண்டு இடங்கள் இறுதிப் பரிசீலனைக்கு வந்தன. ஒன்று சவுத் பேரிங்டன். திரளாக வரும் புதியவர்களால் தங்கள் ஊரின் வாழ்க்கைமுறை மாறிவிடும் என்று அஞ்சிய அவ்வூரார் ஆய்வகத்தை எதிர்த்தனர். மற்றொன்று வெஸ்டன். பண்ணை நிலங்களின் நடுவே, சுமார் 100 வீடுகளைக் கொண்ட இளம் குடியிருப்பு அது. வெஸ்டன் வரவேற்றது.

வரவேற்றதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேண்டாம் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. வேண்டும் என்ற ஊர் இல்லை. குறிக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே வெஸ்டன் முழுவதும் அடங்கியிருந்தது. 1966ஆம் ஆண்டில் அதன் ஊராட்சி மன்றமே ஊரைக் கலைத்துவிட வாக்களித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அணுசக்திக் கமிஷன் வெஸ்டனைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. இல்லினாய் மாநில அரசு நிலங்களை விலைக்கு வாங்கி மத்திய அரசுக்கு வழங்கியது. ஊராரோடு, சுற்றிலும் சோளம் பயிரிட்டுவந்த உழவர் குடும்பங்களும் வெளியேற வேண்டியதாயிற்று. நிலத்திற்கு விலை கிடைத்தது உண்மையே. ஆனால் பிறந்து வளர்ந்த பண்ணைக்கு எந்த அளவுகோலைக் கொண்டு விலை காண்பது?

வெஸ்டனை முன்னிட்டு மற்றொரு கேள்வியும் எழுந்தது. அக்காலத்தில் சிகாகோவின் புறநகர்களில் கறுப்பின மக்களுக்கு வீடு தர மறுப்பது வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்கும் சட்டம் மாநிலத்தில் இல்லை. பொதுப் பணத்தில் எழும் ஆய்வகத்தில் பணிபுரிய வருபவருக்கு அருகில் குடியிருக்க உரிமை இல்லையா என்று கேட்டு, 1967இல் சிவில் உரிமை இயக்கத்தினர் வெஸ்டன் பகுதியில் கூடாரம் அடித்துப் போராடினர். ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சனும் துணை இயக்குநர் எட்வின் கோல்ட்வாசரும் 1968இல் மனித உரிமைக் கொள்கை ஒன்றை வெளியிட்டனர். கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்து தொழில்நுட்பப் பயிற்சிக்கு அனுப்பவும் செய்தனர்.

1968 இலையுதிர் காலத்தில் ஆய்வகப் பணியாளர் வெஸ்டனுக்குக் குடிவந்தனர். குடும்பங்கள் உண்டு உறங்கிய அறைகளில் வரைபடப் பலகைகளும் கருவிகளும் இடம்பெற்றன. சமையலறை இருந்த இடத்தில் காந்தத்தின் கணக்குகள்! 1972 மார்ச் 1ஆம் நாள் முடுக்கி குறித்த ஆற்றலை எட்டியது. 1974இல் ஆய்வகத்திற்கு என்ரிகோ பெர்மியின் பெயர் சூட்டப்பட்டது. 1977இல் பாட்டம் குவார்க், 1995இல் டாப் குவார்க் என அடுத்தடுத்துக் கண்டுபிடிப்புகள் வந்தன. டாப் குவார்க்கைக் கண்ட குழுக்களுள் ஒன்றில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த இந்திய அறிஞர்களும் இருந்தனர்.

இவ்வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய திருப்பம் ஒன்று உண்டு. 1983இல் அதே சுரங்கப்பாதையில் மீக்கடத்திக் காந்தங்கள் பொருத்தப்பட்டன. திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் அவற்றின் கம்பிச்சுருள்கள் மின்தடையை இழக்கின்றன. எனவே மிகப் பெரிய மின்னோட்டத்தையும் வலிய புலத்தையும் பெற முடிகிறது. புலம் இருமடங்கானால், அதே வட்டத்தில் இருமடங்கு உந்தத்தை வளைக்கலாம். டெவட்ரான் எனப்பட்ட இந்த முடுக்கிக்கு ஓர் ஏக்கர் நிலம்கூடப் புதிதாகத் தேவைப்படவில்லை. காந்தவியலில் பெற்ற முன்னேற்றம் நிலத்தின் தேவையைக் குறைத்தது. 15 ஆண்டுகளுக்கு முன்னரே இது கைவந்திருந்தால் எல்லைக்கோடு எங்கே விழுந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

டெவட்ரான் 2011 செப்டம்பர் 30இல் நிறுத்தப்பட்டது. ஆய்வகம் இன்று நியூட்ரினோ ஆய்வில் ஈடுபட்டிருக்கிறது. வெஸ்டனின் வீடுகள் பல இன்றும் நிற்கின்றன. பண்ணைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வீடுகளும் அவற்றோடு சேர்ந்துள்ளன. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் அங்கே தங்குகிறார்கள். ஆய்வகத்தார் அப்பகுதியைக் கிராமம் என்றே அழைக்கிறார்கள். முதல் குடியேறிகளின் சிறு கல்லறைத் தோட்டமும் ஆய்வக எல்லைக்குள் காக்கப்பட்டு வருகிறது.

கண்டுபிடித்தவர் பெயரும் ஆண்டும் பாடநூலில் இடம்பெறும். சோதனை நடந்த நிலத்தில் யார் வாழ்ந்தனர் என்பதற்கு அதில் ஒரு வரி இருக்காது. வெஸ்டனின் பெயரோ ஆய்வகத்தின் பெயரிலும் இல்லை, முகவரியிலும் இல்லை. அடுத்த முறை டாப் குவார்க்கைப் பற்றிப் படிக்கும்போது, பக்க ஓரத்தில் அந்த ஊரின் பெயரையும் எழுதி வையுங்கள்.