இலையைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும்... வாசனை வீசும் ரோடோடென்ட்ரான் எது? வீட்டில் வளர்க்கலாமா?

சிக்கிம் டூர் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் தேடிப் பார்ப்பது ரோடோடென்ட்ரான் பூக்களைத்தான். நம்ம நீலகிரியில் 'காட்டுப் பூவரசு' என்று சொல்வதும் இதே குடும்பம்தான். ஆனால் அந்தச் சிவப்புப் பூவில் வாசனை இருக்காது. வாசனைக்குப் பெயர் போனது 'ரோடோடென்ட்ரான் எட்ஜ்வொர்த்தி'.

எங்கே வளர்கிறது?

சிக்கிம், பூடான், அருணாச்சலப் பிரதேசம், வடக்கு மியான்மர், சீனாவின் யுன்னான் பகுதிகளில் ஈரமான மலைக்காடுகளில் வளரும் புதர்ச்செடி இது. பாறை இடுக்கிலும், பெரிய மரங்களின் பாசி படிந்த கிளைகளிலும் தொற்றிக்கொண்டு வளரும். ஆண்டு முழுக்க பச்சையாக இருக்கும். 1848 முதல் 1850 வரை சிக்கிம் பகுதியில் ஆய்வு செய்த ஜோசப் ஹூக்கர்தான் இதற்குப் பெயர் வைத்தவர்.

எப்படி அடையாளம் காண்பது?

* இலையின் மேல்பக்கம் பளபளப்பாக, சுருக்கம் சுருக்கமாக இருக்கும்.
* அடிப்பக்கத்தில் கம்பளி போல பழுப்பு நிற ரோமம் அடர்ந்திருக்கும். இதுதான் முக்கிய அடையாளம்.
* பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு சாயலுடன், புனல் வடிவில் இருக்கும். கொத்துக்கு 2, 3 பூக்கள்தான்.
* பூவுக்குள் 10 மகரந்தத் தாள்கள் இருக்கும்.

இதே போல வாசனை தரும் 'மேடனி' வகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் மகரந்தத் தாள்கள் 15-க்கு மேல் இருக்கும். இலையின் அடியில் ரோமம் இருக்காது, பொடிப்பொடியான செதில்கள்தான் இருக்கும்.

வளர்ப்பது எப்படி?

சென்னை, மதுரை வெயிலுக்கு இது தாங்காது. குளிர்ச்சியான மலைப்பகுதியில் இருப்பவர்கள் முயற்சி செய்யலாம்.

* மண்: அமிலத்தன்மை அவசியம். பி.ஹெச் 4.5 முதல் 6 வரை இருக்கணும். மரப்பட்டைத் துண்டுகளும் இலை மட்கும் கலந்து, தண்ணீர் தேங்காத மாதிரி பொலபொலவென வைக்கணும்.
* நடவு: வேர்கள் மேலாகவே பரவும். அதனால் ஆழமாகப் புதைக்கக் கூடாது, சுற்றிலும் கொத்தவும் கூடாது.
* தண்ணீர்: மழைநீர் பெஸ்ட். சுண்ணாம்பு அதிகமுள்ள போர் தண்ணீர் ஊற்றினால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகும்.
* வெளிச்சம்: மர நிழலில் வடிகட்டி வரும் வெயில் போதும். கடும் பனி விழும் இரவுகளில் தொட்டியை உள்ளே எடுத்து வைப்பது நல்லது.
* விதை: தூள் போல இருக்கும். மண்ணால் மூடாமல் மேலாகத் தூவினால் போதும்.

இலை வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீங்க. முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்க. மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால் வேர் அழுக ஆரம்பித்திருக்கலாம்.

உஷார்!

ரோடோடென்ட்ரான் இனச் செடிகள் பலவற்றில் 'கிரயனோடாக்சின்' என்ற நச்சு உண்டு. இலையை மென்றால் வாந்தி, தலைசுற்றல், இதயத்துடிப்பு குறைதல் வரலாம். குழந்தைகள், ஆடு மாடு, நாய்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கணும். யாராவது சாப்பிட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

காட்டில் பார்த்த செடியைப் பிடுங்கி வருவதும் தப்பு. சரணாலயங்களில் அனுமதியின்றி செடிகளை எடுப்பது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நர்சரியில் வாங்கினால், இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்க.