கலைமகள் படத்தின் முன் நின்றவர்கள்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கழகத்தார் பணித்தனர். மன்னர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் பற்றிப் பாடநூல்கள் வேண்டிய மட்டும் கூறிவிட்டன. ஆதலால் நாள்தோறும் நம் கண்முன் தொங்கும் ஒரு பொருளின் வரலாற்றை எழுத எண்ணினேன். அது கலைமகள் படம்.

வெண்ணிறப் புடைவை உடுத்து, நீர்க்கரைப் பாறைமீது அமர்ந்து, இரு கைகளால் வீணை மீட்டி, மற்ற இரு கைகளில் ஏடும் செபமாலையும் தாங்கி, அருகே மயில் நிற்கக் காட்சி தரும் அவ்வுருவை அறியாதார் நம் வத்திராயிருப்பு வட்டாரத்தில் இலர். பள்ளிக்கூடத்திலும், புத்தகக் கடையிலும், அச்சகத்திலும், ஆயுத பூசையன்று ஆலைகளிலும் இதே உருவந்தான். நம் படிப்பகங்களில் இப்படத்தை மாட்டுவது பற்றி இளைஞர்களிடையே இப்பொழுது ஒரு வினா எழுந்துள்ளது. "எழுத்தை நமக்கு மறுத்தவர்களின் தெய்வம் நம் படிப்பகத்தில் எதற்கு?" என்று அவர்கள் கேட்கின்றனர். அவ்வாறு கேட்பது முதியோர்க்கு மனவருத்தம் தருகின்றது. வழக்காடும் இரு சாராருக்கும் உதவக்கூடிய சில செய்திகளை ஈண்டுத் தருகின்றேன்.

முதற்கண், இப்படம் தொன்றுதொட்டு வருவது அன்று. இதன் வயது ஏறத்தாழ 130 ஆண்டுகளே. திருவிதாங்கூர்ச் சீமையில் கிளிமானூர் என்னும் ஊரில் 1848இல் பிறந்த இரவிவர்மா, ஐரோப்பியரின் எண்ணெய் வண்ண முறையில் 1896இல் தீட்டியது இது. சிற்பத்திலும் செப்புத் திருமேனியிலும் தெய்வத்தைக் கண்டு பழகியவர்களுக்கு, தசையும் நிழலும் உடைய ஒரு மானிடப் பெண்ணாகத் தெய்வத்தைக் காட்டியதே அவர் செய்த புதுமை. (இரவிவர்மா பிறந்த அதே 1848இல்தான் பூனா நகரில் சோதிராவ் பூலேயும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். இவ்விரு செய்திகளையும் மாணவர்கள் சேர்த்தே மனத்திலிருத்துக.)

ஓவியம் பரோடா அரச குடும்பத்தின் உடைமையாயிற்று. அங்கே அதைப் பார்த்தவர்கள் அரசரும் அமைச்சரும் விருந்தினராக வந்த வெள்ளையரும் ஆவர். அவர்கட்கு அது வழிபாட்டுப் பொருள் அன்று. அரண்மனைச் செல்வங்களுள் ஒன்று. சீமை ஓவியர்க்கு நம்மவர் இளைத்தவர் அல்லர் என்று காட்டும் சான்றும் ஆகும்.

இரவிவர்மாவின் படங்கள் கடல் கடந்தபொழுது வேறொரு பார்வை அவற்றின்மேல் விழுந்தது. மோனியர் வில்லியம்சு என்னும் ஆங்கில அறிஞர் தம்முடைய சாகுந்தல மொழிபெயர்ப்பின் முகப்பில் அவருடைய சகுந்தலை படத்தைச் சேர்த்துக்கொண்டார். 1893இல் அமெரிக்காவின் சிக்காகோ கண்காட்சிக்கு அவருடைய பத்துப் படங்கள் சென்றன; விருதுகளும் பெற்றன. ஆயினும் அவற்றுள் இருந்த கலையைவிட, இந்நாட்டு மகளிரின் ஆடையணிகளையும் இனவகைகளையும் அறிந்துகொள்ளவே அங்குள்ளோர் அவற்றை மிகுதியும் பயன்படுத்தினர். இங்கே ஓவியமாயிருந்தது அங்கே இனவியல் சான்றாக மாறிற்று.

அந்த 1893ஆம் ஆண்டைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். திருவிதாங்கூர் அரச குலத்தோடு மணவுறவு கொண்ட ஓவியரின் படங்கள் தங்குதடையின்றிக் கடல் கடந்த அவ்வாண்டில்தான், அதே திருவிதாங்கூரில் அய்யன்காளி என்னும் புலையர் குல இளைஞர் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் செல்லப் போராட வேண்டியிருந்தது. அவ்வாண்டில்தான் சென்னையில் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். ஒரு சீமையின் படத்துக்கு உலகமெங்கும் வழி திறந்திருந்தது. அச்சீமையின் மனிதனுக்குத் தன் ஊர்த் தெரு அடைத்திருந்தது. ஆடையின் கதையும் இதுவே. இரவிவர்மாவின் தேவியர் தோள் மறைத்துப் புடைவை உடுத்தியிருப்பதை இன்று நாம் இயல்பாகக் கருதுகின்றோம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடிபட்டனர். 1859இல் அரசு இசைந்தபொழுதும், உயர்சாதி மகளிரைப் போல உடுத்தலாகாது என்று கட்டுப்பாடு வைத்தே இசைந்தது. அப்பெண்களின் பேத்தியர் இப்படத்தைப் பார்த்தபொழுது அவர்தம் கண்ணில் முதலில் பட்டது வீணையாக இருந்திருக்குமா, புடைவையாக இருந்திருக்குமா? புடைவை என்றே நான் கருதுகின்றேன்.

அரண்மனையில் இருந்த படம் நம் சுவருக்கு வந்தது அச்சினால். திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர். டி. மாதவராவ், ஒருவர் கையால் எத்தனை படம் எழுதினாலும் நாட்டின் வேட்கை தீராது என்று கண்டு, படங்களை அச்சிட்டுப் பரப்புமாறு அறிவுரை கூறினார். 1894இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் உருவெழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு எடுப்பது அம்முறை. தொடக்கத்தில் வசதியுள்ள குடும்பங்களே வாங்கின. நாளடைவில் விலை குறைந்து, போலிகளும் பெருகி, குடிசை வரை படம் வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில்தான் படத்தின் பொருள் பெரிதும் மாறுகின்றது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் நம் மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 சூலை 8ஆம் நாள். சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. அச்சுப்படமோ இவற்றுக்கெல்லாம் நாற்பது ஐம்பது ஆண்டுகள் முந்தியது. கருவறை உருவைக் காண அரை நாழிகை நிற்கவும் உரிமையற்றவன், சில காசு கொடுத்துத் தெய்வத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. கோயில் வாயிலில் சாதி கேட்டார்கள். திருவிழாக் கடையில் காசு மட்டுமே கேட்டார்கள். நம் பாட்டனார்கள் ஆணியடித்து அப்படத்தை மாட்டியதை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. அவர்களுக்கு அது ஒரு சிறு வெற்றி.

நம் வட்டாரத்துக்கும் இதில் பங்குண்டு. சிவகாசியில் நாடார் மக்கள் கோயிலுள் நுழைய உரிமை வேண்டிய வழக்கில் மூண்ட பகை 1899இல் பெருங்கலவரமாக வெடித்தது; அம்மக்களின் கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் தோற்றது. அதே சிவகாசி பின்னர்த் தீப்பெட்டித் தொழிலால் உயர்ந்து, தீப்பெட்டிச் சீட்டு அச்சிட்டுப் பழகிய கையால் நாடெங்குக்கும் தெய்வப் படக் காலண்டர் அச்சிட்டு அனுப்பியது. அக்காலண்டர்களுக்குப் படம் எழுதியவர்களுள் தலையாயவர் கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராசு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் இரமணரின் ஆசிரமத்தில் தங்கி, நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவர். இரவிவர்மா வழியில் வந்த தெய்வ உருவங்களை அவரும் அவர்தம் மாணவர்களும் மேலும் ஒளியூட்டித் தமிழ் முகமாக்கினர். கோயிலில் நுழையத் தடுக்கப்பட்டவர்களின் ஊரே தெய்வத்தை வீடுதோறும் அனுப்பும் ஊராயிற்று என்பது வரலாற்றின் விந்தை.

கற்றோர் உலகின் பூசலைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். 1906இல் இரவிவர்மா மறைந்தபொழுது பாரதியார் இரங்கற்பா பாடினார். அடுத்த ஆண்டே ஆனந்த குமாரசாமி, இவை நாடகமேடைக் காட்சிகள், இந்தியக் கலையின் ஆழம் இவற்றில் இல்லை என்று சாடினார். 1979இல் அரசு அவருடைய படைப்புகளை நாட்டின் கலைச் செல்வங்களாக அறிவித்தது. இப்பூசலில் ஈடுபட்ட எவரும் படத்தைச் சுவரில் மாட்டிய ஏழையிடம் ஒரு சொல் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி மீண்டும் பரோடாவுக்குச் செல்வோம். இரவிவர்மாவைப் போற்றிய மன்னர் மூன்றாம் சயாசிராவ் கல்வியையும் போற்றியவர். தீண்டத்தகாதார்க்குப் பள்ளிகள் திறந்தார். 1906இல் தம் நாடு முழுவதிலும் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். அவர் அளித்த உதவித்தொகையில்தான் 1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். படித்துத் திரும்பி, ஒப்பந்தப்படி 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர வந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதியில் இடமில்லை என்பதை அறிந்திருந்த அவர், பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்கினார். வேறு தங்குவோர் எவருமற்ற அவ்விடுதியில், பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு இரவில் தனித்துப் படித்தார். பதினோராம் நாள் கையில் தடியோடு ஏறத்தாழ பன்னிரண்டு பார்சியர் வந்து அறையின்முன் நின்றனர். மாலைக்குள் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். நண்பர் இருவரிடம் சென்று கேட்டார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரும் தத்தமக்குரிய காரணம் சொல்லி நழுவினர். பம்பாய் வண்டிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தை அவர் காமாட்டி பாக் என்னும் பொதுப் பூங்காவில் கண்ணீரோடு கழித்தார். இதனைத் தம் கைப்பட எழுதி வைத்துள்ளார்.

வீணையும் ஏடும் ஏந்திய கலைமகளுக்கு அந்நகரின் அரச குலத்தாரிடம் சட்டமிட்ட இடம் இருந்தது. அந்நாளில் இந்தியாவில் மிகுதியும் படித்தவர்களுள் ஒருவராகிய இளைஞருக்கு அந்நகரில் வாடகைக்குக்கூட ஓர் அறை இல்லை. மன்னரின் நன்மனத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் மன்னரின் ஆணை கருவூலம் வரை சென்றது. விடுதி வாயிலைத் தாண்டவில்லை. கல்வித் தெய்வத்தை வணங்குவதும் கற்றவனை மதிப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதை அந்த ஒரு நாள் காட்டிற்று.

ஆகவே நம் இளைஞரின் வினாவை நான் குறைகூறமாட்டேன். படத்தின் முன் நிற்கும் முதல் தலைமுறை அதனைக் கண்டு வணங்கியது. கற்ற தலைமுறை அதனிடம் கணக்குக் கேட்கின்றது. கேட்கும் துணிவே நாம் பெற்ற கல்வியினால் வந்தது. வணங்கிய பாட்டியை ஏளனம் செய்யாமல் கேட்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். படிப்பகத்துச் சுவரைப் பற்றி என் கருத்தையும் கூறிவிடுகின்றேன். சாவித்திரிபாய் பூலேயின் படமும் அய்யன்காளியின் படமும் அங்கே முதலில் ஏறட்டும். கலைமகள் படம் இருக்கும் இடத்தில், அதனை வரைந்தவர் யார், எந்த ஆண்டில், யாரிடம் இருந்தது என்று கீழே எழுதி ஒட்டுங்கள். தெய்வப் படத்துக்கு ஆண்டு எழுதிய அளவில், பார்க்கும் பிள்ளை அதை வரலாறாகப் பார்க்கத் தொடங்குவான்.

வடநாட்டுச் சுற்றுலா செல்லும் வாய்ப்புக் கிட்டும் மாணவர்கள் பரோடாவில் இரண்டு இடங்களைப் பார்த்து வருக. ஒன்று, அரண்மனை வளாகத்தில் இரவிவர்மாவின் ஓவியங்கள் உள்ள மகாராசா பதேசிங் அருங்காட்சியகம். அக்கட்டடம் முதலில் அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று கட்டப்பட்ட பள்ளிக்கூடம். இன்று நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் உள்ளே செல்லலாம். மற்றொன்று, அண்ணல் அமர்ந்திருந்த பூங்கா. அவ்விடத்துக்கு இன்று 'சங்கல்ப பூமி' என்று பெயர்.