லயக் காம்பராவுக்கு வந்த கணினி

கொழும்பு–மட்டக்களப்பு நெடுஞ்சாலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வீதி பிரியும் சந்தியான பெரகலவையும் அதைச் சூழ்ந்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களையும் பொறுத்தவரை, வீட்டுக் கணினியின் வரலாறு மேற்கு நாட்டு நூல்களில் காணும் வரிசைப்படி நிகழவில்லை. 1977இல் ஆப்பிள் 2, 1982இல் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 என வெளிவந்த பொறிகள், மின்சாரமும் மேசையும் ஒதுக்குவதற்கு ஓர் இடமும் உள்ள வீட்டை எதிர்பார்த்தவை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சமையலும் உறக்கமும் ஒருங்கே நடந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளருக்கென வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய வரிசைக் குடியிருப்பில், இவற்றுள் ஒன்றுமே இருக்கவில்லை.

இத்தனைக்கும் கணினி இத்தீவுக்குப் புதியதன்று. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1983இல் கொழும்பிலிருந்தே கேப்ரோ கணினி வழியாக, தொலைபேசி இணைப்பில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த திரைப்பட இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் ஒரு படத்தின் திரைக்கதை பற்றிக் கடிதம் பரிமாறினார். மறு ஆண்டில் மொரட்டுவையில் அவர் பெயரால் நவீன தொழினுட்ப நிலையமும் சட்டபூர்வமாக அமைந்தது. அதே காலத்தில், தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் ஒரு பகுதியினருக்குக் குடியுரிமையே இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே அந்தப் பெருமையைப் படிக்க வேண்டும்.

மலைக்குக் கணினியைக் கொண்டு சேர்த்தது தொலைக்காட்சிப் பெட்டிதான். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னும் மின்கம்பி எட்டாத லயங்களில், கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டியே நெடுநாள் வழங்கியது. அதன் பின்புறத்தில் 1990களில் செருகப்பட்டது 'டிவி கேம்'. இது ஜப்பானின் நின்டெண்டோ 1983இல் குடும்பக் கணினி என்ற பெயரிலேயே வெளியிட்ட பாமிக்காமை தைவானிலும் சீனாவிலும் உரிமமின்றி நகலெடுத்துச் செய்த மலிவுப் பொறி. இதன் மையச் செயலி, அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் சில்லு, ஆப்பிள் 2இல் இருந்த 6502 வகையைச் சேர்ந்ததாகையால், தோட்டத்துப் பிள்ளை விளையாட்டுச் சாமானென்று கையில் எடுத்தது உண்மையில் வீட்டுக் கணினியின் நெருங்கிய உறவாகும். ஆயினும் தட்டச்சுப் பலகை இல்லாததால் அதில் விளையாட முடிந்ததே தவிர நிரல் எழுத முடியவில்லை, அதாவது பொறிக்குச் சொந்தமாகக் கட்டளையிட முடியவில்லை. இந்த இழப்பு சிறியதன்று. சீனாவில் 1990களில் தட்டச்சுப் பலகையும் பேசிக் மொழியும் சேர்த்துக் 'கற்கும் பொறி' என்று விற்ற நகல்களும் உண்டு. ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று அட்டையில் அச்சிட்ட கெசட்டில் ஒரு சில ஆட்டங்களே பெயர் மாறி மாறி வந்ததையும், வாங்கியவர்கள் அதை அறிந்தே வாங்கியதையும் குறிப்பிடாமல் விடலாகாது.

மெய்நிகர் உலகம், அதாவது கண்ணை மூடிக் கவியும் திரையால் இல்லாத இடத்தில் இருப்பதாக உணரச் செய்யும் நுட்பம், இன்னொரு திசையிலிருந்து வந்தது. 1968இல் ஐவன் சதர்லண்ட் தலையில் அணியும் காட்சிக் கருவியை உருவாக்குவதற்கு வெகு முன்பே, இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழத்தைத் தோற்றுவிக்கும் ஸ்டீரியோஸ்கோப் புழக்கத்தில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்கள் விற்ற அத்தகைய இரட்டைப் படங்களில் இலங்கையில் கொழுந்து பறிக்கும் பெண்களும் இருந்தனர். ஆக, முதலில் தோட்டம் காட்சியானது. காண்பவர்கள் வேறெங்கோ இருந்தனர். 2014இல் கூகுள் அறிமுகம் செய்த கார்ட்போர்ட் என்னும் அட்டைப் பெட்டி, கைப்பேசியையே அத்தகைய கருவியாக்கியதன் பின்னரே, விலையுயர்ந்த கணினியின்றியும் அக்காட்சியைக் காணும் வழி திறந்தது.

இந்த வரலாறு மறையாதிருக்க, கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றில் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் போன்ற இடங்கள், கொழுந்துக் கூடையோடு பழுதான டிவி கேமையும் அதன் கெசட்டுகளையும் இப்போதே கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும்.