கோரைப் பெயர்களின் வரலாறு

வயல் வரம்பிலும் குளக்கரையிலும் வளரும் கோரைகளை மக்கள் புல்லென்றே கூறிவிடுவர். தண்டினை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்ப்பின் வேறுபாடு புலனாகும். புல்லின் தண்டு உருண்டது. கோரையின் தண்டு பெரும்பாலும் முப்பட்டையானது. புல்லினின்று கோரையைப் பிரித்தறிதல் இவ்வாறு எளிதாயினும், ஒரு கோரையினின்று மற்றொரு கோரையைப் பிரித்தறிதல் பயின்ற தாவரவியலாளருக்கும் இடர்தருவதாகும். நிறமுள்ள இதழ் எதுவும் இக்குடும்பத்தில் இல்லை. பூவின் குறி இரண்டாகப் பிரிகிறதா மூன்றாகப் பிரிகிறதா, முற்றிய சிறுகொட்டை தட்டையானதா முக்கோணமானதா, சிறுகதிரில் உமிகள் இரு வரிசையாக அமைந்தனவா சுருளாக அமைந்தனவா என்பவற்றைக் கைவில்லை கொண்டு நோக்கியே இனத்தைத் துணிதல் வேண்டும். காய் முற்றாத செடியைப் பறித்து வந்தவன் வெறுங்கையோடு வந்தவனே.

இவ்வறிவு வளர்ந்த வரலாற்றில் இலங்கைக்கும் தமிழகக் கரையோரத்துக்கும் உரிய இடம் போதிய அளவு உணரப்படவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1670களில் இலங்கையிலிருந்த போல் ஹேர்மன், தாம் சேர்த்த தாவரங்களை உலர்த்தித் தாளில் ஒட்டி, அவற்றின் உள்ளூர்ப் பெயர்களையும் குறித்து வைத்தார். அவர் இறந்தபின், 1717இல், அத்தொகுப்பின் பட்டியல் சிங்களப் பெயர்களோடு அச்சேறியது. நெடுங்காலம் மறைந்திருந்த உலர்தாவரத் தொகுதிகள் கோப்பன்கேகனில் குந்தர் என்னும் அரச மருந்தாளரிடமிருந்து லின்னேயசின் கைக்குச் சென்றன. அவற்றைக் கொண்டு அவர் இயற்றிய இலங்கைத் தாவர நூல் 1747இல் வெளிவந்தது. 1753இல் அவர் ஒரு கோரையினத்துக்குச் சைப்பெரசு ஹஸ்பான் எனப் பெயரிட்டார். சிங்களத்தில் ‘ஹல்பன்’ என வழங்கும் பெயரே இலத்தீன் உடை தரித்து அங்கு நிற்கிறது. அதன் ஈற்றிலுள்ள ‘பன்’, கிழக்கிலங்கைத் தமிழர் ‘பன்பாய்’ என்பதில் வழங்கும் அதே சொல்லாகும்.

பெயர் கிடைத்ததனால் இனம் தெளிந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. ஹஸ்பானை ஒத்த மெலிந்த கோரையொன்று அதே வயல்நீரில் வளர்கிறது. முன்னது பெரும்பாலும் குறுகிய வேர்த்தண்டுடன் ஆண்டுகள் பல நிலைப்பது. பின்னது வேர்த்தண்டின்றிக் கற்றையாக முளைத்து ஓராண்டில் மடிவது. இவ்விரண்டாவதனை ஸ்டொய்டெல் என்பார் சைப்பெரசு தெனுயிஸ்பிக்கா எனத் தனிப் பெயரிட்டுப் பிரித்தது 1850களிலேயாம். லின்னேயசுக்குப் பின் நூறாண்டு கழிந்தது. உலர்ந்த செடியில் வேரை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஒட்டி வைக்கும் வழக்கம் இத்தகைய தாமதங்களுக்குப் பெரிதும் காரணம் எனலாம்.

இரண்டாவது களம் தரங்கம்பாடி. 1620 தொடக்கம் 1845 வரை தேனியர் வசமிருந்த அவ்வூருக்கு 1768இல் மருத்துவராக வந்த கோனிக், லின்னேயசின் மாணவர். அவர் அனுப்பிய செடிகளைக் கோப்பன்கேகனிலிருந்து ஆராய்ந்தவர் றொட்பெல் என்னும் பேராசிரியர். இந்திய மண்ணை மிதியாத இவரே 1773இல் வெளியிட்ட படநூலில் பல கோரைகளை முதன்முதலாக வரையறுத்தார். அவற்றுள் ஒன்று சைப்பெரசு பங்கோரை. அதன் வாலில் நிற்பது தமிழ்க் கோரையே. அதே நூலில் அவர் சைப்பெரசு கொரிம்போசசு என மற்றொன்றையும் வேறாகக் காட்டினார். பங்கோரையின் தண்டு முப்பட்டையுடையது; பூங்கொத்தின் அடியிலுள்ள இலைகள் கொத்தினையும் கடந்து நீள்வன. மற்றதன் தண்டு பட்டை மழுங்கி உருண்டது. இலைகள் மடலளவிற் குறுகியவை. இவ்வளவு தெளிவாகப் பிரிக்கப்பட்டும், இரண்டும் பாய்க்கு உதவுவன ஆதலால், பிற்காலத்து நூல்கள் பத்தமடைப் பாயின் கோரையைச் சிலவேளை ஒன்றன் பெயராலும் சிலவேளை மற்றதன் பெயராலும் குறித்தன. றொக்ஸ்பரோவின் நூலிலோ, 1820இல், வங்கத்துப் பாய்க்கோரை தெகெதும், அதாவது ‘பாய்களுக்குரியது’, எனப் புதுப்பெயர் பெற்றது. அதுவும் பங்கோரையே எனப் பின்னர் கண்டனர்.

இங்கே ஒன்று நோக்கற்பாலது. ஹேர்மனுக்கும் கோனிக்குக்கும் செடியைக் காட்டி இது இன்னதெனச் சொன்னோர் யாவர்? நூல்களில் அவர்தம் பெயரில்லை. அவர்கள் சொன்ன சொல் மட்டுமே உண்டு. அதனைக் கொண்டு எல்லாம் நம்மவர் அறிந்தனவே என முழங்குதலும் பொருந்தாது. பாய் முடைவோர் தண்டின் நீளத்தையும் கிழிபடும் தன்மையையும் கொண்டே வேறுபடுத்தினர். பாய்க்கு உதவாத சிறு கோரைகள் பல ஒரே பெயருள் அடங்கிக் கிடந்தன. குறியினை எண்ணும் தேவை அவர்களுக்கில்லை. கிழித்து உலர்த்தும் தேவை கோப்பன்கேகன் பேராசிரியருக்கில்லை. ஆயினும் முன்னவர் வேறுபாடு கண்டிராவிடின், பின்னவரின் மேசைக்கு அச்செடி தனியொரு பெயரோடு சென்றிராது.

றொட்பெல் அதே ஆண்டில் உருண்டைத் தலையுடைய சிறு கோரைகளைத் தனிச் சாதியாக்கி, பதினேழாம் நூற்றாண்டுத் தேனியத் தாவரவியலாளர் கில்லிங் என்பவரின் நினைவாகக் கில்லிங்கா எனப் பெயரிட்டார். இரு குறிகளும் தட்டையான கொட்டையும் அதன் அடையாளங்கள். அது தனிச் சாதியா, சைப்பெரசின் ஒரு பிரிவா என்ற வாதம் நெடிது நிகழ்ந்தது. 1935-36இல் கூக்கென்தால் அதனைச் சைப்பெரசினுள் அடக்கினார், பலர் ஏற்கவில்லை. 2010களில் மரபணு ஆய்வுகள் அவர் பக்கமே சாய்ந்தன. இன்று பல நூல்களில் கில்லிங்கா தனிச் சாதியாக இல்லை. பங்கோரை, 1773இல் அச்சேறிய அதே எழுத்துக்களோடு, ஏற்கப்பட்ட இனப்பெயராக வழங்கி வருகிறது.