வணிகர் சங்கக் கூட்டமைப்புகள், தமிழ்நாட்டில்

கடைவீதி, ஊர், தொழில் என்று தனித்தனியே இயங்கும் வணிகர் சங்கங்கள் மாநில அளவில் ஒன்றுகூடி அரசிடம் கோரிக்கை வைப்பதற்கான அமைப்புகள். மளிகை, ஜவுளி, இரும்பு, பாத்திரம் என எல்லாக் கடைக்காரர்களும் இவற்றில் அடக்கம். தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பு, தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரவை ஆகிய இரண்டும் பரவலாக அறியப்பட்டவை. பேரமைப்பின் தலைவராக ஏ.எம். விக்கிரமராஜாவும் பேரவையின் தலைவராக த. வெள்ளையனும் (இறப்பு 2024) அறியப்பட்டனர். பெயர்கள் இவ்வளவு நெருங்கியிருப்பதால் செய்தி படிப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினம். அன்று பல ஊர்களில் ஷட்டர்கள் இறங்கியிருக்கும். ‘வணிகர் தினம், கடை விடுமுறை’ என்ற தாள் ஒட்டியிருக்கும். கடைக்காரர்கள் வேன் பிடித்து, கூட்டமைப்புகள் நடத்தும் மாநாட்டுக்குப் போயிருப்பார்கள்.

வரி விதிப்பு, உரிமக் கட்டணம், கடை வாடகை, சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு ஆகியவை நெடுநாள் பிரச்சினைகள். மனு கொடுப்பதில் தொடங்கிக் கடையடைப்பு வரை போவார்கள். இவர்களின் கையில் உள்ள பெரிய ஆயுதம் கடை அலமாரிதான். எடுத்துக்காட்டாக, 2017 ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் அந்நியக் குளிர்பானங்களுக்கு எதிரான குரல் எழுந்தது. அதையொட்டி, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று இரு அமைப்புகளும் அறிவித்தன. நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதையும் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் அமைப்பின் முடிவு உறுப்பினரைச் சட்டப்படி கட்டாயப்படுத்தாது. கேட்டு வரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது அந்தந்தக் கடைக்காரரின் மனத்தைப் பொறுத்தது.

அரசின் தமிழ்நாடு வணிகர் நல வாரியம் இந்தக் கூட்டமைப்புகளிலிருந்து வேறு. அது 1989-இல் அமைக்கப்பட்டது.