கரிசலில் நெருப்பும் முன்யோசனையும்

கோவில்பட்டிக்கும் வாஞ்சி மணியாச்சிக்கும் இடையே, இருபுறமும் கரிசல் விரிந்து கிடக்கும் இருப்புப்பாதையில் அமைந்த கடம்பூரை, ரயில் பிரயாணிகள் போளியைக் கொண்டே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆயினும் வானம் பார்த்த இந்தப் பூமியில், மழை பொய்த்த வருஷங்களில் பல குடும்பங்களின் அடுப்பை அணையாமல் காத்தது தீப்பெட்டித் தொழிலே. 1922-இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிகளின்மீது சர்க்கார் இறக்குமதி வரியை உயர்த்தியதும், சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பயின்று திரும்பியதும், பின்னர் அது சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் வேரூன்றியதும் பலர் எழுதிய சரித்திரம். அத்தொழிலும் பின்வந்த ஆலைகளும் விபத்தை எவ்வாறு எதிர்பார்க்கக் கற்றன என்பதே என் விஷயம்.

'தீப்பெட்டி ஆபீஸ்' என்று நம் ஜனங்கள் வழங்கும் கொட்டகை, உள்ளபடியே ஓர் இரசாயனத் தொழிற்சாலை. குச்சியின் தலைக்கு ஏற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்கின்றன. இவ்விரண்டும் உலர்ந்து கலந்துவிட்டால் சிறு உராய்வே போதும். அதனால்தான் 1992-இல் மத்திய சர்க்கார் இக்கலவையைத் தடை செய்தது; ஆயினும் தீக்குச்சித் தலைக்கு விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. குளோரேட்டைத் தனியே நீர்விட்டு அரைப்பதும், வச்சிரப் பசையின் ஈரத்திலேயே மற்றவற்றை அதனோடு சேர்ப்பதும், சிந்திய மருந்து காய்ந்து பொடியாகுமுன் தரையை ஈரத்துணியால் துடைப்பதும், மருந்து அறையைப் பெட்டி அடைக்கும் இடத்திலிருந்து விலக்கிக் கட்டுவதும் ஆகிய நியமங்கள் யாவும் ஈரம், இடைவெளி என்ற இரண்டில் அடங்கும். பெட்டி அடைக்கும் இடத்தில் காய்ந்த குச்சிகள் உராய்ந்து ஒரு கைப்பிடி பற்றிக்கொண்டால், அது பக்கத்துக் குவியலுக்குத் தாவச் சில விநாடிகளே ஆகும். வாளியை யார் தூக்குவது, குவியலை யார் நகர்த்துவது, எந்த வாசல் வழியே ஓடுவது என்பவற்றை யோசிக்க அது சமயமன்று. முன்பே கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

பின்னர் கடற்கரைப் பக்கம் பெரிய ஆலைகள் எழுந்தன. 1950-களின் இறுதியில் சாகுபுரத்திலும், 1970-களில் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையிலும், குளோரினும் அம்மோனியாவும் குழாய்களுக்குள் ஓடத் தொடங்கின. ஒரு வால்வு இறுகி நின்றாலும், குழாய் இணைப்பொன்று விட்டுக்கொடுத்தாலும் அபாயம் மதிலுக்குள் நிற்பதில்லை. காற்றின் திசையில் ஊருக்குள் புகுகிறது. அம்மோனியாவை நீர்த்திரை கரைத்து அடக்கும். ஆனால் தரையில் தேங்கிய திரவ அம்மோனியாவின்மீதே நீரைப் பாய்ச்சினால் அது கொதித்து மேலும் ஆவியாகும். குளோரினோ காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்குவது. மேட்டுக்கு ஏறுவோர் பிழைப்பர்.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்துப் பழகவேண்டும் என்ற கட்டாயம், 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு தொடங்கிய போபால் நச்சுவாயுக் கோரத்திற்குப் பிறகே இத்தேசத்துக்கு வந்தது. அங்கே பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இல்லை. நச்சுத்திரவக் கலத்தைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் காரநீரால் கழுவும் சாதனம் இயக்கத்தில் இல்லை. எஞ்சியதை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. பீச்சிய நீர், வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று உறங்கிக்கொண்டிருந்த ஜனங்களுக்குச் சொல்வாரும் இல்லை. இந்தக் கடைசிக் குறையே என் மனத்தை மிகவும் வருத்துவது. அதைத் தீர்க்கப் பணமோ இயந்திரமோ வேண்டியதில்லை.

1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. 1989-ஆம் வருஷத்து விதிகள், குறித்த அளவுக்கு மேல் அபாயப் பொருள் வைத்திருக்கும் ஆலையினுள் அவசரகாலத் திட்டம் வகுப்பதை நிர்வாகத்தின் பொறுப்பாகவும், ஆலைக்கு வெளியே வகுப்பதை மாவட்ட அதிகாரத்தின் பொறுப்பாகவும் ஆக்கின; 1996-இல் கலெக்டரைத் தலைவராகக் கொண்ட மாவட்ட நெருக்கடிக் குழுவும் விதிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தாருக்கு அபாயத்தின் இயல்பையும் செய்யவேண்டியதையும் தெரிவிக்கவேண்டும் என்பதும் 1989 விதிகளில் உண்டு. ஆகையால், ஆலைகளின் அருகே குடியிருக்கும் அன்பர்களே, சங்கு ஊதினால் எத்திசையில் செல்வது, எங்கே கூடுவது என்பதை நிர்வாகத்தாரிடம் இன்றே கேளுங்கள். ஒத்திகை நடக்கும் நாளில் வேடிக்கை பார்க்காமல் பிள்ளைகளோடு அதில் கலந்துகொள்ளுங்கள்.